ஆயில் ஃபில்டர் ஹவுசிங்குக்கு ஒழுகாத டிரெய்ன் வால்வு: முதல்முறை வடிவமைப்பவர்களுக்கு

எலிமென்டை (வடிகட்டும் உட்பகுதியை) மட்டும் மாற்றும் வகை ஃபில்டரில், இன்ஜினை நிறுத்திய பிறகும் ஹவுசிங்குக்குள் (எலிமென்ட் உட்காரும் கூட்டுக்குள்) ஏறக்குறைய அரை லிட்டர் ஆயில் நிற்கும். ஹவுசிங் சாய்வாக இருந்தால் மூடியைத் திறந்ததும் அது பெல்ட் மேலும் ஆல்டர்னேட்டர் மேலும் வழியும். நிமிர்ந்திருந்தால் வழியாது. ஆனால் அழுக்கு ஆயில் அடியிலேயே தங்கி, புது எலிமென்டைப் போட்ட முதல் நிமிடத்திலேயே அதை நனைக்கும். இதைத் தவிர்க்கத்தான் ஹவுசிங்கின் அடியில் சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் சேரும் தொட்டிக்கு) இறங்கும் ஒரு துளையும், அதைத் திறந்து மூட ஒரு வால்வும் வைக்கிறார்கள்.

புதிதாக வருபவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். டிரெய்ன் வால்வு என்றதும் நன்றாகத் திறக்க வேண்டும் என்பதில் மனம் போய்விடும். 15,000 கி.மீ.க்கு ஒருமுறை சர்வீஸ் என்றால் 3 லட்சம் கி.மீ. ஓடும் வண்டியில் இது இருபது தடவைதான் திறக்கும். மற்ற நேரம் முழுக்கச் சூட்டிலும் குளிரிலும் பிரஷரிலும் மூடியே கிடக்க வேண்டும். ஆகவே முதலில் மூடுவதற்கு வடிவமையுங்கள். திறப்பது சுலபமான வேலை.

கீழே உள்ள எண்கள் 2 லிட்டர் அளவுள்ள கார் டீசல் இன்ஜினை மனதில் வைத்துப் போட்டவை. ஹவுசிங் நிமிர்ந்தது, மூடி மேலே, ஆயில் எலிமென்டின் வெளியிலிருந்து உள்ளே பாய்கிறது, சுத்த ஆயில் நடுக்குழாய் வழியாக இன்ஜினுக்குப் போகிறது. உங்கள் இன்ஜினுக்கு எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

படி 1: நான்கு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

சூடான இன்ஜினில் ரிலீஃப் வால்வு (மிஞ்சும் பிரஷரைத் திறந்துவிடும் வால்வு) திறக்கும் பிரஷர் (இங்கே 5 பார்), குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கணம் ஏறும் உச்சம் (10 பார் என்று கொள்வோம்), ஆயிலின் மேல் வெப்பநிலை (140 டிகிரி), கீழ் வெப்பநிலை. கடைசி எண்ணில் அவசரப்பட வேண்டாம். ஊட்டிக் குளிரை மட்டும் நினைத்து ரப்பரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதே இன்ஜினை ஏற்றுமதி செய்யலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தால் டிராயிங்கை மறுபடி திறக்க வேண்டிவரும். மைனஸ் 30 டிகிரி என்று இப்போதே எழுதிவிடுவது நல்லது.

படி 2: சீல் யாரிடம் இருக்கப்போகிறது?

இந்த வடிவமைப்பில் பெரிய முடிவு இதுதான்.

ஒரு வழி: எலிமென்டின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பின், அதில் ஓ-ரிங் (ரப்பர் சீல் வளையம்). எலிமென்ட் உட்காரும்போது பின் டிரெய்ன் துளைக்குள் நுழைந்து அடைக்கும். மூடியைக் கழற்றும்போது எலிமென்ட் மூடியோடு சேர்ந்து எழும்பும், பின் வெளியே வரும், ஆயில் இறங்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் சீல் புதிது. அது தாங்க வேண்டியது ஒரு சர்வீஸ் இடைவெளியை மட்டும்தான்.

இன்னொரு வழி: ஹவுசிங்கிலேயே ஸ்பிரிங் வைத்த வால்வு. எலிமென்ட் அதை அழுத்தி மூடும், எலிமென்டை எடுத்தால் ஸ்பிரிங் தூக்கித் திறக்கும். எந்த எலிமென்டைப் போட்டாலும் சீல் அங்கேயே இருக்கும் என்பது இதன் வசதி. ஆனால் அந்த ஒரே சீல் வண்டியின் ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும். இருபது தடவை அழுக்கு ஆயில் அதன் சீட் (வால்வு உட்காரும் பரப்பு) மேல் ஓடும். சீட்டில் ஒரு சிறு உலோகத் துகள் உட்கார்ந்துவிட்டால், அடுத்த சர்வீஸ் வரை கசிவு.

மூடி கீழே இருக்கும்படி தொங்கும் ஹவுசிங்குகளில் மூன்றாவது வழியும் உண்டு. டொயோட்டாவின் 2இஸட்ஆர் இன்ஜினில் மூடியின் அடியில் சிறு பிளக் இருக்கும். அதைக் கழற்றி, எலிமென்டோடு வரும் பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் உள்ளே வால்வு எழும்பி ஆயில் வடியும். மூடிக்கு 25 நியூட்டன்-மீட்டர், பிளக்குக்கு 13. எளிமையானது, ஆனால் மெக்கானிக்கின் பொறுமையை நம்பியிருக்கிறது. குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு மூடியை நேராகக் கழற்றுபவர்களே அதிகம்.

நிமிர்ந்த ஹவுசிங்குக்கு எங்கள் பரிந்துரை எலிமென்டில் பின். ஒரு நிபந்தனை: பின் இல்லாத மலிவு எலிமென்டைப் போட்டால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும். 6 மி.மீ. துளை திறந்தே கிடந்தால் 4 பாரில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வரை சம்ப்புக்குத் திரும்பும். 1 பாரில் கூட அதில் பாதி. ஐட்லிங்கில் பம்ப் தருவது 10 லிட்டர் அளவுதான். பிரஷர் ஏறாது, ஆயில் பிரஷர் விளக்கு அணையாது, ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பெரிய கசிவு தன்னைக் காட்டிக்கொடுக்கும். பயப்பட வேண்டியது சின்னக் கசிவுக்கு. 1 மி.மீ. துளைக்குச் சமமான இடைவெளியில் 4 பாரில் நிமிடத்துக்கு 0.9 லிட்டர் போகும். விளக்கு எரியாது, யாரும் கவனிக்க மாட்டார்கள், தேய்ந்த இன்ஜினில் சூடான ஐட்லிங் பிரஷர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விழும்.

படி 3: பிரஷர் மூடும் பக்கம் தள்ளட்டும்

பின்னும் சரி, ஸ்பிரிங் வால்வின் தலையும் சரி, ஹவுசிங்குக்கு உள்ளே இருக்க வேண்டும். சீட் அதற்குக் கீழே. அப்போது உள்ளே பிரஷர் ஏற ஏற வால்வு இன்னும் இறுக்கமாக உட்காரும்.

திருப்பி வைத்தால் நடப்பதைப் பாருங்கள். 12 மி.மீ. சீட்டின் பரப்பு 113 சதுர மி.மீ. 10 பாரில் 113 நியூட்டன் விசை வால்வைத் திறக்கத் தள்ளும். அதைத் தாங்க அதைவிடக் கனமான ஸ்பிரிங் வேண்டும், அந்த ஸ்பிரிங்கை வெல்லும் அளவுக்கு மூடியை இறுக்க வேண்டும். சரியான பக்கம் வைத்தால், வால்வைத் தூக்கிவிட 5 முதல் 8 நியூட்டன் ஸ்பிரிங்கே போதும்.

படி 4: துளையின் அளவு

வடியும் நேரம் துளை விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில், 100 மி.மீ. உயர ஆயில் அழுத்தத்தில், 60 மி.மீ. நீளமுள்ள 6 மி.மீ. வழியில் நொடிக்கு 8 மி.லி. அளவு இறங்கும். அரை லிட்டருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அதையே 4 மி.மீ. ஆக்கினால் ஐந்து மடங்கு நேரம், ஐந்து நிமிடத்துக்கு மேல். எந்த மெக்கானிக்கும் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார். குறைந்தது 6 மி.மீ. வையுங்கள்.

வழியில் எங்கும் ஆயில் தேங்கும் பள்ளம் வேண்டாம், 5 டிகிரியாவது சரிவு இருக்கட்டும். டர்போவின் ஆயில் திரும்பும் வழியோடு இதை இணைக்காதீர்கள். அது எப்போதும் தடையின்றி ஓட வேண்டியது.

படி 5: ஓ-ரிங் பள்ளம்

டிரெய்ன் வால்வு ஒழுகினால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். அட்டவணையைப் பார்த்து ஒரு ஓ-ரிங்கை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

முதலில் பலர் எடுப்பது 5 × 2 ஓ-ரிங். உள்விட்டம் 5 மி.மீ., தடிமன் 2 மி.மீ. பின்னின் பள்ள விட்டம் 5.2, 6 மி.மீ. வழிக்கு மேலே பின் நுழையும் அகன்ற துளை 8.4. ரிங் 4 சதவீதம் இழுபடும், அதனால் தடிமன் 2 சதவீதம் குறைந்து 1.96 ஆகும். இடைவெளி 1.6. அமுக்கம், அதாவது ரிங் நசுங்கும் அளவு, 18 சதவீதம். காகிதத்தில் அழகாக இருக்கிறது.

இனி டாலரன்ஸை, அதாவது உற்பத்தியில் அளவு விலகக்கூடிய வரம்பை, சேருங்கள். துளை பிளாஸ்டிக் மோல்டில் 0.1 பெரிதாக வரலாம். பின்னின் பள்ளம் 0.1 சிறிதாக வரலாம். எலிமென்ட் 0.1 நடுவிலிருந்து விலகலாம். ரிங்கின் தடிமன் 0.08 குறையலாம். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் இடைவெளி 1.8, ரிங் 1.88. மிச்சம் 0.08 மி.மீ., 4 சதவீதம். மைனஸ் 30 டிகிரியில் ரப்பர் ஒரு சதவீதம் சுருங்கும், ஹவுசிங் சுருங்குவது அதில் எட்டில் ஒரு பங்குதான். சூட்டில் கிடந்த ரப்பர் தன் அமுக்கத்தில் பாதியை நிரந்தரமாக இழந்திருக்கும். கடைசியில் சீல் என்ற பெயரில் துளைக்குள் ஒரு கறுப்பு வளையம் சும்மா கிடக்கும்.

அதே கணக்கை 5 × 2.5 ரிங்குக்குப் போடுங்கள்:

- பின்னின் பள்ள விட்டம் 5.2, டாலரன்ஸ் கீழே 0.1 மட்டும்
- துளை 9.1, டாலரன்ஸ் மேலே 0.1 மட்டும்
- பள்ளத்தின் அகலம் 3.4
- சாதாரண அமுக்கம் 20 சதவீதம், மோசமான சேர்க்கையில் 9, எதிர்ப்பக்க மோசத்தில் 27
- பள்ளத்தில் ரிங் நிரப்பும் பங்கு 74 சதவீதம்

அரை மில்லிமீட்டர் தடிமன் கூடியதும் மோசமான நிலையில் 0.2 மி.மீ. அமுக்கம் கையில் நிற்கிறது. அதில் பாதி போனாலும் சீல் பிடிக்கும். பள்ளத்தில் கால் பங்கு காலியாக இருப்பது வீணான இடம் இல்லை. ஆயிலில் ரப்பர் ஊதும், சூட்டில் விரியும், அதற்குப் போக இடம் வேண்டும். நிரப்பம் 85-ஐத் தாண்டினால் ரிங் பள்ளத்தின் விளிம்பில் பிதுங்கி வெட்டுப்படும்.

துளையின் வாயில் சேம்ஃபர் (சரிவாகச் சீவிய விளிம்பு) வேண்டும். அமுக்கப்படாத ரிங்கின் வெளிவிட்டம் 10.1 வருகிறது. ஆகவே சேம்ஃபரின் மேல் விட்டம் 10.5-க்குக் குறையக் கூடாது. 15 டிகிரி கோணத்தில் அதற்கு 2.6 மி.மீ. ஆழம் வேண்டும். இடம் இல்லை என்று 45 டிகிரிக்குப் போனால் ரிங் வழுக்கி இறங்காது, முனையில் மாட்டி அறுபடும். துளைச் சுவரின் கரடுமுரடு (ஆர்.ஏ. அளவு) 1.6 மைக்ரானுக்குள். மோல்டின் பிரிகோடு (மோல்டின் இரு பகுதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு) சீல் தொடும் சுவரைக் கடக்கவே கூடாது. அதை டிராயிங்கில் எழுத்தில் குறிப்பிடுங்கள். எழுதவில்லை என்றால் மோல்ட் செய்பவர் தனக்கு வசதியான இடத்தில் வைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஹவுசிங் அலுமினிய வார்ப்பு என்றால் துளையை மெஷின் செய்தே தீர வேண்டும். வார்த்த மேற்பரப்பின் கரடுமுரடு ரிங்குக்குக் கீழே வழி கொடுத்துவிடும்.

9.1 மி.மீ. பின்னின் மேல் 10 பாரில் 65 நியூட்டன் விசை கீழ்நோக்கி விழும். அதைப் பின்னின் தோள் தாங்கட்டும், ரிங் தாங்கக் கூடாது.

படி 6: எது முதலில் திறக்கிறது?

மூடியைத் திருகும்போது நான்கு காரியங்கள் வரிசையாக நடக்கின்றன. பின் துளையை விட்டு வெளியேறுகிறது. மூடியின் ஓ-ரிங் விட்டுக்கொடுத்துக் காற்று உள்ளே போகிறது. மூடியின் த்ரெட் முடிகிறது. எலிமென்டின் அடிச் சீல் நடுக்குழாயை விட்டு எழும்புகிறது. இந்த வரிசை குலைந்தால் அளவுகள் அத்தனையும் சரியாக இருந்தும் வேலைக்காகாது.

மூடியின் த்ரெட் பிட்ச் 4 மி.மீ. என்று கொள்வோம், மொத்தம் 4.5 சுற்று, அதாவது 18 மி.மீ. பயணம். மூடி எலிமென்டைப் பிடித்துத் தூக்கும் கிளிப்பில் 1.5 மி.மீ. ஆட்டம் இருக்கும். பின்னின் ரிங் துளைக்குள் 5 மி.மீ. இறங்கியிருந்தால், 6.5 மி.மீ. பயணத்தில், அதாவது 1.6 சுற்றில் டிரெய்ன் திறக்கும். ஆனால் ஆயில் உடனே இறங்காது. மேலே காற்று போக வழியில்லை. விரலால் மேல்முனையை அடைத்த ஸ்ட்ராவில் தண்ணீர் நிற்பது போல ஆயில் தொங்கி நிற்கும். மூடியின் ஓ-ரிங்கை 9 மி.மீ. பயணத்தில், 2.25 சுற்றில், விடுமாறு வையுங்கள். அதன் பிறகு ஆயில் இறங்கத் தொடங்கும், அப்போதும் த்ரெட் இன்னும் இரண்டு சுற்றுக்கு மேல் பிடித்திருக்கும். மெக்கானிக் மூன்று சுற்று திருகி நிறுத்தி ஒன்றரை நிமிடம் காத்திருந்தால் போதும்.

எலிமென்டின் அடிச் சீலை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். அது நடுக்குழாயை விட்டு முன்னதாக எழுந்துவிட்டால், ஹவுசிங்கில் இன்னும் நிற்கும் அழுக்கு ஆயில் சுத்த வழிக்குள் சரிந்து, அடுத்த ஸ்டார்ட்டில் நேராக பேரிங்குக்குப் போகும். டிரெய்ன் துளையில் கசிந்தால் பம்பின் உழைப்பு வீணாகும், அவ்வளவுதான். இங்கே கசிந்தால் ஃபில்டர் இருந்தும் இல்லாத கதை. ஆகவே எலிமென்ட் 18 மி.மீ. எழும்பும் வரை அடிச் சீல் நடுக்குழாயில் பிடித்திருக்க வேண்டும். ஆட்டம் கழித்தால் த்ரெட் முடியும்போது எலிமென்ட் எழும்பியிருப்பது 16.5 மி.மீ. தான், சீல் இன்னும் பிடித்திருக்கும். நடுக்குழாயின் வாய் ஹவுசிங் தரையிலிருந்து 8 மி.மீ.க்கு மேலாவது இருக்கட்டும், தரையில் படிந்த கசடு உள்ளே விழாமல் இருக்க. 18 மி.மீ. சீல் நீளம் வைத்தால் இது தானாகவே கிடைத்துவிடும்.

கிளிப்பின் பிடிப்பையும் சேர்த்துப் பாருங்கள். புது ரிங்கை இழுக்க அதிக விசை வேண்டாம். ஓராண்டு சூட்டில் துளைச் சுவரோடு ஒட்டிக்கொண்ட ரிங்குக்குப் பல மடங்கு வேண்டும். கிளிப் அதற்கு முன் விட்டுவிட்டால் மூடி மட்டும் கையோடு வரும், எலிமென்ட் அடியில் நிற்கும், டிரெய்ன் மூடியபடியே இருக்கும். பழசான ரிங்கோடு அளந்த இழுவிசையைப் போல இரு மடங்கு பிடிப்பைக் கிளிப்புக்குக் கொடுங்கள்.

படி 7: பின் துளையைக் கண்டுபிடிக்க வேண்டும்

நடுவில் சுத்தக் குழாய் இருப்பதால் டிரெய்ன் துளை ஓரமாகத்தான் அமையும். மெக்கானிக் எலிமென்டை எந்தத் திசையிலும் போடுவார். அதனால் ஹவுசிங் தரையில் ஒரு சரிவுப் பாதை வேண்டும். பின் அந்தப் பாதையில் வழுக்கி, முடிவில் உள்ள சுவரில் முட்டி, துளைக்கு நேராக நிற்கும். மூடி தொடர்ந்து திரும்பும்போது எலிமென்ட் திரும்பாமல் கீழே மட்டும் இறங்கும். இதற்கு எலிமென்ட் மூடிக்குள் சுதந்திரமாகச் சுழல வேண்டும். சரிவின் தொடக்கம் கூர்மையான மேடாக இருந்தால் பின் அதன் உச்சியில் நேராக உட்கார்ந்து, மூடியை இறுக்கும்போது ஒடியும். உச்சியை உருட்டிவிடுங்கள். இவ்வகை அமைப்புகள் பலவற்றுக்குக் காப்புரிமை உண்டு, டூலிங்குக்குப் பணம் கட்டும் முன் தேடிப் பாருங்கள்.

பின் எப்படியும் சில வண்டிகளில் ஒடியும். அது எங்கே ஒடிய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். தோளுக்கு மேலே ஒரு மெலிந்த இடம் வைத்து, ஒடிந்தால் துளைக்கு வெளியே 6 மி.மீ. துண்டு நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தால், நீள மூக்கு பிளையரால் பிடித்து எடுத்துவிடலாம். துளைக்குள் மட்டமாக ஒடிந்தால் ஹவுசிங்கையே கழற்ற வேண்டிவரும்.

படி 8: பொருள்

பின்னுக்கு 35 சதவீதம் கண்ணாடியிழை சேர்த்த பி.ஏ.66 (ஒரு வகை நைலான்). ரிங்குக்கு சாதாரண நைட்ரைல் ரப்பர் வேண்டாம், 140 டிகிரியில் கெட்டித்துப்போகும். ஹெச்.என்.பி.ஆர். (ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல்) மைனஸ் 30 முதல் 150 வரை தாங்கும், எங்கள் முதல் தேர்வு அதுதான். ஏ.சி.எம். (அக்ரிலிக் ரப்பர்) மலிவு, ஆனால் குளிரில் மைனஸ் 20-க்குக் கீழே திணறும். எஃப்.கே.எம். (ஃப்ளோரோ ரப்பர்) சூட்டுக்கு அருமையானது, ஆனால் சாதாரண ரகங்கள் குளிரில் ஏ.சி.எம்.-ஐப் போலவே திணறும். மைனஸ் 30-க்கு அதன் விசேஷ ரகங்களை வாங்க வேண்டும், விலை ஏறும். ஒவ்வொரு சர்வீஸிலும் தூக்கிப் போடும் ரிங்குக்கு அது அதிகம். ஸ்பிரிங் வால்வைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் அந்தச் செலவு நியாயம்.

படி 9: சோதனை

ஆயில் ஃபில்டர் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 4548 தர வரிசையில் பாகம் 5 பிரஷர் துடிப்பையும், பாகம் 6 வெடிக்கும் பிரஷரையும், பாகம் 7 அதிர்வையும் பார்க்கிறது. அவற்றை முழு ஹவுசிங்குக்கும் செய்வீர்கள். டிரெய்னுக்கென்று தனியாக இவற்றைச் சேருங்கள்.

துடிப்புச் சோதனை ஓடும்போது டிரெய்ன் வழியின் முனையில் ஒரு கண்ணாடிக் குடுவையை மாட்டி, சேரும் ஆயிலை அளந்து எழுதுங்கள். ஹவுசிங் வெளியே ஒழுகாமல் இருப்பது டிரெய்ன் ஒழுகவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. டிரெய்ன் கசிவு சம்ப்புக்குள் போகிறது, கண்ணுக்குத் தெரியாது.

புது ரிங்கோடு குளிர்ச் சோதனை செய்து தேர்ச்சி என்று எழுதாதீர்கள். பயன்படுத்திய ஆயிலில் 150 டிகிரியில் 1,000 மணி நேரம் ஊறிய ரிங்கோடு, மைனஸ் 30-ல் ஒரு இரவு வைத்து, காலையில் 10 பார் ஏற்றிப் பாருங்கள். வேண்டுமென்றே டாலரன்ஸின் ஓரத்தில் செய்த துளையும் பின்னும் போட்டு இதைச் செய்தால்தான் படி 5-ன் கணக்கு உண்மையா என்று தெரியும்.

பிறகு வடிவமைப்பில் பங்கில்லாத ஒரு மெக்கானிக்கிடம் ஹவுசிங்கைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பத்து தடவை எலிமென்ட் மாற்றச் சொல்லுங்கள். எலிமென்டைத் தாறுமாறான கோணத்தில் போடுவார், பழைய ரிங்கைத் துளைக்குள் விட்டுவிட்டு அதன் மேல் புதுப் பின்னை அழுத்துவார், மூடியை ஒரே மூச்சில் கழற்றுவார். பத்தில் ஒரு தடவை பின் ஒடிந்தாலும் படி 7-க்குத் திரும்புங்கள்.

மூடியின் மேல் மூன்று விஷயங்கள் வார்க்கப்பட்டிருக்கட்டும்: இறுக்கும் டார்க் 25 நியூட்டன்-மீட்டர், கழற்றும்போது நிறுத்த வேண்டிய மூன்று சுற்றுக்கு ஓர் அம்புக்குறி, எலிமென்டின் பாக எண். சர்வீஸ் கையேட்டில் வேலையின் வரிசையையும் எழுத வேண்டும். முதலில் ஃபில்டர் மூடியை மூன்று சுற்று தளர்த்தி வடியவிட வேண்டும், அதன் பிறகே சம்ப் பிளக்கைத் திறக்க வேண்டும். பிளக்கை மூடிப் புது ஆயில் ஊற்றிய பிறகு ஃபில்டரைத் திறந்தால், அரை லிட்டர் பழைய ஆயில் சத்தமில்லாமல் புது ஆயிலோடு போய்ச் சேரும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருப்பதைப் பார்த்து மெக்கானிக் தலையைச் சொறிவார்.